ரெண்டு நெசம், ஒரு டூப்பு

1

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இந்த வசந்தத்தில் ஐந்து வயது நிறைந்தது. அதைக் கொண்டாடப் போய்த்தான் இத்தனையும் நடந்தது. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஊருக்கு எழுதும்போது பனியையும் ரயிலையும் எழுதிவிடலாம். யாருக்கும் சங்கடம் இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருப்பது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கில் ஒரு சின்ன ஊர். வாரநாட்களில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லாம் இங்கேயே பிறந்த பிள்ளைகள். பெற்றோர் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும். என் மகள் இனியாவும் அப்படித்தான். பன்னிரண்டு வயதாகிறது. பசித்தால் இன்றைக்கும் "அம்மா, நான் பசி" என்பாள்.

முதல் சில வாரங்கள் பலகையில் அ, ஆ எழுதினேன். பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்தன. பிறகு இனியாவின் பள்ளியில் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அங்கே புதிய வகுப்பு எது தொடங்கினாலும் முதலில் விளையாட்டு. கூச்சம் போன பிறகுதான் பாடம். நானும் வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெயர் வைத்தேன்: இட்லி இனியா, வடை வருண். "மழை பிடிக்கிறவர்கள் எழுந்திருங்கள்", "அம்மாவிடம் நேற்று திட்டு வாங்கியவர்கள் இடம் மாறி உட்காருங்கள்" என்றேன். நாற்காலிகள் கவிழ்ந்தன. அவர்களை அறியாமலே தமிழ் வந்தது.

அதற்கும் ஒரு கடிதம் வந்தது. சமுதாயக்கூடத்தை நிர்வகிக்கும் அம்மாள் ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டு, நீங்கள் அறை எடுத்தது கற்பித்தலுக்கு, இங்கே நடப்பது விளையாட்டு, விளையாட்டுக்கு வேறு அறை, வேறு காப்பீடு என்று எழுதியிருந்தார். விளையாடித்தான் கற்பிக்கிறேன் என்று விளக்கி நான் பதில் எழுத, அதில் அவரைத் தோழியை அழைப்பதுபோல் ஒருமையில் எழுதிவிட்டிருந்தேன். இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பிழை என்னை விடுவதில்லை. அவர் சிரித்துக்கொண்டே அறையைக் கொடுத்தார்.

2

நான் பிறந்தது திருவொற்றியூரில், கடற்கரையோரக் குப்பத்தில். நைனா விசைப்படகில் டிரைவர். அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து எண்ணூர் சாலையோரம் கூடை வைத்து மீன் விற்றாள். இருவரும் இனியா பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். எங்களுடையது வாடகை வீடு, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. எங்கள் தெருவில் எனக்கு மிச்சமிருப்பவள் லூர்துமேரி ஒருத்திதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஓய்ந்த நேரத்தில் குப்பத்துப் பிள்ளைகளுக்கு, கோயிலில் தந்த ஒரு அறையில் டியூஷன் எடுக்கிறாள்.

பொறியியல் படித்து முடித்ததும் நகரத்தின் தெற்கு மூலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் எல்லோரையும் பெரிய அறையில் வட்டமாக நிற்கவைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு பஞ்சுப் பந்தை வீசுவார். பிடித்தவர் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளத்தான் இந்த விளையாட்டு என்றார். பந்து என்னிடம் வந்தது. தமிழிலேயே சொல்லலாம் என்றார்கள்.

"என் பேரு வளர்மதி. வூடு திருவொத்தியூர்ல கீது."

அவ்வளவுதான் சொன்னேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருவன் சினிமாவில் ரவுடி பேசுவதுபோல் கழுத்தை ஆட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னான். பயிற்சியாளரும் கைதட்டினார். "பார்த்தீங்களா, எல்லாரும் ஃப்ரீ ஆயிட்டாங்க" என்றார். அந்த வருடம் முழுக்க அந்த மாடியில் என் பெயர் 'கீது'.

வாயை மாற்றிக்கொள்ள எனக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. 'இருக்குது', 'வீடு', 'வந்துட்டிருக்கேன்'. பொள்ளாச்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு 'வாங்க, போங்க' வந்தது. யாராவது எந்த ஊர் என்றால் சென்னை என்பேன். சென்னையில் எங்கே என்று அபூர்வமாகக் கேட்பவர்களிடம், "அடையார் பக்கம்." அந்த முதல் வேலையின்போது அங்கே விடுதியில் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். ஆகையால் முழுப்பொய்யும் இல்லை என்று சமாதானம். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் விமான நிலையத்திலிருந்து நேராகப் பொள்ளாச்சி. லூர்து கூப்பிடும்போதெல்லாம், "குழந்தைக்கு அந்தத் தூசி ஒத்துக்காதுடி" என்பேன். அவளும் நம்பியதாகக் காட்டிக்கொள்வாள்.

3

ஆண்டு நிறைவுக்கு, இங்கத்துப் பிள்ளைகளையும் லூர்துவின் பிள்ளைகளையும் ஆன்லைனில் சந்திக்கவைக்கலாம் என்று தோன்றியது. லூர்துவிடம் சொன்னதும் குதித்தாள்.

"ஷோக்கா செய்யலாம்டி. உன்ன பத்தி சொல்லி வெச்சிகினு கீறேன். நம்ம தெரு பொண்ணு, ஜெர்மனில கீதுன்னு."

அன்று எங்கள் பக்கம் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில், தன் கணினி முன்னால். அந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், லூர்துவின் ஒரே மடிக்கணினி முன்னால் முட்டிக்கொண்டு. முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. பத்து எண்ணுவதற்குள் நீல நிறத்தில் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றேன். இங்கே சாக்ஸ், தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா. அங்கே இருவர் வெளியே ஓடி, ஆளுயர நீலத் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பக்கமும் கைதட்டல்.

அடுத்தது மூன்று வாக்கிய விளையாட்டு. தன்னைப் பற்றி மூன்று சொல்லவேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். லூர்து அதைத் தன் பிள்ளைகளுக்கு "ரெண்டு நெசம், ஒரு டூப்பு" என்று விளக்கினாள். உடனே புரிந்துவிட்டது.

முதலில் எழுந்தவள் பவானி. இனியா வயதுதான் இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை. பயமே இல்லாமல் கேமரா முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வூட்டாண்ட கடலு கீது. எங்க நைனா போட்டுல போறாரு. எனக்கு நீச்ச தெரியாது."

வருண் சிரித்தான். ஒன்பது வயதுப் பையன். அவன் காதுக்கு அது வேடிக்கையான ஒலி, அவ்வளவுதான். "கீது, கீது, கீது" என்று கிளிபோலச் சொன்னான். மற்ற சன்னல்களிலும் பிள்ளைகள் அதையே சொல்லத் தொடங்கின. பவானி முதலில் தானும் சிரித்தாள். பிறகு லூர்துவைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது நான் வருணை அதட்டியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"பவானி, 'எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது.' அப்படிச் சொல்லிப் பாரும்மா."

கனிவாகத்தான் சொன்னேன். அந்தக் கனிவை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பவானி உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. பிறகு கேமராவிலிருந்து விலகிப் போய்விட்டாள்.

திரையில் லூர்துவின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது செய்து சரிக்கட்ட வேண்டும் என்று தோன்றியது. "இப்ப என் முறை" என்றேன். மூன்று வாக்கியம் சொன்னேன்.

"எனக்குப் பல்லி என்றால் பயம். நான் திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியிருக்கிறேன்."

ஓட்டப்பந்தயம்தான் பொய். என் வாழ்க்கையில் பலர் முன்னால் அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல்முறை. யாராவது பல்லியையோ பந்தயத்தையோ சொல்வார்கள், நான் திருவொற்றியூர் பற்றிப் பேசுவேன், பவானி திரும்பி வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பக்கத்து அறையில் தன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த இனியா கையைத் தூக்கினாள்.

"ரெண்டாவது பொய்! அம்மா அடையார். அந்த இடத்துக்கு எல்லாம் அம்மா போனதே இல்ல."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கட்டைவிரலைக் காட்டின. மகள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

இல்லை இனியா, அது உண்மை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சில பெற்றோர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, சரி. அடுத்து யாரு?" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "மிஸ், இவங்க நம்ம தெருன்னு சொன்னீங்களே?"

லூர்து ஒலியை அணைத்துவிட்டாள்.

4

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சாயங்காலம் குரல் பதிவு ஒன்று வந்தது. "வளரு, ஒண்ணும் இல்ல. பசங்கதான் கேட்டுகினே கீதுங்க. நான் இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு." அவ்வளவுதான். பின்னணியில் கன்டெய்னர் லாரியின் ஹாரன்.

பதில் அனுப்பப் பலமுறை தொடங்கி அழித்தேன். கடைசியில் இரவுச் சாப்பாட்டின்போது இனியாவிடம் சொன்னேன். இரண்டாவது வாக்கியம் உண்மை என்று. உன் தாத்தா படகு ஓட்டினார், ஆயா மீன் விற்றாள், பவானி பேசியதுதான் என் வீட்டுப் பேச்சு என்று.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் சரின்னு சொன்ன?"

"தெரியலம்மா. எல்லாரும் பார்த்தாங்க."

"உனக்கு அது பைன்லிஷா?"

பைன்லிஷ் என்பது கூச்சத்துக்கும் அவமானத்துக்கும் நடுவில் நிற்கும் ஜெர்மன் சொல். இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள். பெரும்பாலும் பெற்றோரைப் பற்றி. பேருந்தில் நான் உரக்கத் தமிழ் பேசினால் இனியா அதைத்தான் சொல்வாள். அப்போதெல்லாம் நான், தாய்மொழியை நினைத்து வெட்கப்படக் கூடாது என்று அவளுக்கு நீளமாகச் சொல்லியிருக்கிறேன். அது அவளுக்கும் நினைவுக்கு வந்ததோ என்னவோ, அதற்குமேல் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து லூர்துவே அழைத்தாள்.

"பவானி டியூஷனுக்கு வர்றதில்லடி. வூட்டுக்குப் போய் கூப்ட்டேன். இன்னா சொல்லுதுன்ற? 'எனக்குத் தமிழ் வராது மிஸ்'ன்னுது."

5

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது விமான நிலையத்திலிருந்து வடக்கே, திருவொற்றியூருக்குப் போகச் சொன்னேன். இனியா வண்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். ராயபுரம் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நகராத லாரி வரிசை. மணலி ஆலைகளிலிருந்து வரும் வாயு நெடி மூக்கில் ஏறியதும் அவள் முகத்தைச் சுளிப்பாள் என்று பார்த்தேன். சுளிக்கத்தான் செய்தாள். "இதையா நீ தினமும் மோந்த?" என்றாள். ஆமாம் என்றேன்.

லூர்து தெருமுனையில் நின்றாள். "இன்னாடி, பாதியாயிட்ட?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கோபத்தை அவள் காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நேரே பவானி வீட்டுக்குப் போனோம்.

அவள் அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பவானி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இனி இந்தப் பெண்ணிடம் புத்தகத் தமிழ் பேசக் கூடாது, என் அம்மா பேசியதைப் பேச வேண்டும்.

"இன்னா பவானி, கோச்சிகினியா? நானும் இங்கத்து பொண்ணுதான். அன்னிக்கி நான் பண்ணது தப்புமே. மனசுல வெச்சுக்காத, இன்னா?"

பவானி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"கலாய்க்கிறீங்களா மிஸ்?"

"ஏய்!" என்று அவள் அம்மா அதட்டினாள். "பெரியவங்ககிட்ட இப்டியா பேசறது?"

"அப்பறம் ஏன் இவங்க என்ன மாதிரி பேசிக் காட்றாங்க?"

அவள் சொன்னது சரி. என் காதிலேயே விழுந்தது. சொற்கள் என் அம்மாவுடையவை. ஏற்ற இறக்கம் அந்தக் கம்பெனிக் கூடத்தில் கழுத்தை ஆட்டிக்கொண்டு பேசிக்காட்டியவனுடையது. இத்தனை வருடம் நான் பேசாமல் விட்ட பேச்சை, கேலி செய்தவர்கள் வாயிலிருந்துதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்ப எடுத்தபோது அதுதான் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பட்ட வெட்கத்துக்கு முன்னால், அன்று ஆன்லைனில் நடந்தது ஒன்றுமே இல்லை.

இனியா செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவருகே போனாள்.

"எனக்கும் தமிழ் வராது," என்றாள். "எல்லாரும் சிரிப்பாங்க. நீ வா. நாம பேச வேண்டாம். பேசாம ஒரு விளையாட்டு இருக்கு."

பவானி அவளை நம்பாமல் பார்த்தாள். "பேசாம இன்னா வெள்ளாட்டு?"

"வந்தா தெரியும்."

6

லூர்துவின் அறையில் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். இனியா தன் பள்ளியில் விளையாடுவதை விளக்கினாள். பாதி தமிழ், பாதி கை. எல்லோரும் பிறந்த மாத வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒரு பெண் இரண்டு கையையும் தலையில் கொம்பாக வைத்து முட்டினாள், பொங்கல், தை. ஒருத்தி திரி கொளுத்திக் காதைப் பொத்தினாள், தீபாவளி. பவானி காற்றில் கயிறு இழுத்துப் படகைக் கட்டினாள், பிறகு ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் குறட்டை விட்டாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில் தூங்கும் சித்திரை மாதம். இனியா பனியைக் காட்ட நடுங்கினாள். அவளுக்குக் காய்ச்சல் என்று ஒரு பெண் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று பேர் கூடி அவளை மார்கழியில் நிறுத்துவதற்குள் விதிகள் எல்லாம் உடைந்து கூச்சலாகிவிட்டது.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். லூர்து என்னை முதுகில் தள்ளினாள்.

நான் பிறந்தது மாசியில். அதை எப்படிக் காட்டுவது என்று யோசிக்கவே இல்லை. தோளில் வடத்தைப் போட்டுக்கொண்டு, குனிந்து, காலை அழுத்தி இழுத்தேன். நான்கடி நகர்ந்து நின்று, அண்ணாந்து பார்த்து, மறுபடி இழுத்தேன்.

"தேரு!" என்று கத்தினாள் ஒருத்தி. "மாசித் தேருடா!"

எங்கள் ஊர்க் கோயிலில் மாசியில்தான் தேர். வெளியூர்க்காரர்கள் அதைக் காட்டமாட்டார்கள். பிள்ளைகள் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள். பவானி வரிசையிலிருந்து வெளியே வந்தாள், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் இடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வரிசையைச் சரிசெய்தாள், அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கிளம்பும்போது இனியாவிடம் மட்டும் "அப்பால வர்றியா?" என்று கேட்டாள். வர்றேன் என்றாள் இனியா.

7

திரும்பி வந்ததும் இரண்டு வகுப்புகளும் மறுபடி ஆன்லைனில் சந்திக்கத் தொடங்கின. முதல் பத்து நிமிட விளையாட்டு ஒரு வாரம் இவர்களுடையது, ஒரு வாரம் அவர்களுடையது. பவானி வருகிறாள். இனியாவுக்கு அவளுடைய பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்று சாப்பிடக் கூப்பிட்டேன். "வந்துகினே கீறேன்மா" என்றாள். அவள் அப்பாவுக்குப் புரியவில்லை.

இன்று காலை வருணின் அம்மா அழைத்தார். மரியாதையான பெண்மணி. கேக் செய்தால் எங்களுக்கும் ஒரு துண்டு கொண்டுவருபவர்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். வருண் வீட்ல 'இன்னா', 'கீது'ன்னு பேசறான். அவங்க பாட்டி போன்ல கேட்டுட்டு அதிர்ச்சி ஆயிட்டாங்க. நல்ல தமிழ் கத்துக்கணும்னுதானே அனுப்பறோம்? அந்தப் பசங்க ஏதோ ஒரு மாதிரி பேசறாங்க…"

எழுந்து நின்றேன். அறைக்கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை. பிறகு சொன்னேன்.

"அது எங்க ஊர்ப் பேச்சுங்க. நான் திருவொற்றியூர். எங்க அம்மா அப்பா அப்படித்தான் பேசுவாங்க. நானும் அப்படித்தான் பேசினேன்."



"ஐயோ, அப்படியா மேடம்?" என்றார். குரலில் உண்மையான அன்பு. "உங்களைப் பார்த்தா, உங்க பேச்சைக் கேட்டா, அப்படித் தெரியவே தெரியாது."

"நன்றிங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. பாராட்டு என்று காது எடுத்துக்கொண்டது, வாய் நன்றி சொல்லிவிட்டது. அதிலும் ஒரு சின்ன சந்தோஷம் நெஞ்சில் எழுந்து அடங்கியதை நான் மறைக்க முடியாது.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. இனியா நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா நன்றி சொன்ன?"

இதுவரை அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை வருணை விட வரும்போது அவன் அம்மாவை ஓரமாக அழைத்து, அந்த நன்றியை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் இனியாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும்.